மார்வெல்மேன் கதையும் பாயிர மரபும்

ஆக்கியோன் பெயரையும், அந்நூல் வந்த வழியையும் சிறப்புப் பாயிரத்துள் முதற்கண் வைத்தனர் நம் இலக்கண ஆசிரியர். ஒருவர் யாத்ததைப் பின்வந்தார் ஒருவர் எடுத்து மீண்டும் யாத்தல் குற்றமென அவர் யாண்டும் கூறிற்றிலர். அதற்கு வழிநூல் எனப் பெயரிட்டு, தொகையும் விரியும் எனப் பாகுபடுத்தி, இலக்கணமும் வகுத்தனர். எடுத்தாண்டவர் யார், எங்கிருந்து எடுத்தார் என்பன மறைதல் கூடாது என்பதே அவர் விதித்த வரம்பு. இவ்வளவுகோலைக் கொண்டு, நம் துறையினர் பொதுவாக ஏறிட்டும் பாராத மேலைநாட்டுப் படக்கதைத் துறையை ஈண்டு நோக்குவோம். இரும்புக்கை மாயாவியைத் தமிழிற் படித்து வளர்ந்தோர் நம்முட் பலர். அக்கதையை எழுதினார் பெயரை அறிந்தோர் எத்துணையர்? யானும் அறியாது படித்தவனே. ஆதலின் இவ்வாராய்ச்சி நமக்குப் புறம்பானதன்று.

1938-இல் சூப்பர்மேன் என்னும் கதைமாந்தனை வெளியிட்ட நிறுவனம், அவனைப் படைத்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இளைஞர் இருவர்க்கும் 130 டாலர் கொடுத்து முழுவுரிமையும் பெற்றுக்கொண்டது. அவ்விதழின் விற்பனை கண்டு பிற வெளியீட்டாரும் அத்துறையில் இறங்கினர். அவருள் ஃபாசெட் நிறுவனத்தார் வெளியிட்டது கேப்டன் மார்வெல். பில் பார்க்கர் எழுத, சி. சி. பெக் வரைந்தார். பில்லி பாட்சன் என்னும் சிறுவன் 'ஷசாம்' என்னும் மந்திரச்சொல்லை உச்சரித்த அளவில் பேராற்றல் வாய்ந்த வீரனாக மாறுவான் என்பது கதை. 1940-களில் இவ்வீரன் விற்பனையில் சூப்பர்மேனையும் விஞ்சினான். 1941-இல் தொடுக்கப்பெற்ற வழக்கு 12 ஆண்டுகள் நீண்டு, ஃபாசெட் நிறுவனம் 4 இலட்சம் டாலர் செலுத்தி, வெளியீட்டையும் நிறுத்த இசைந்தமையால் 1953-இல் முடிந்தது. அதற்குள் இத்தகைய கதைகளின் விற்பனை சரிந்துவிட்டமையும் அவ்விசைவுக்கு ஒரு காரணமாகும். எவருடைய கற்பனை களவாடப்பட்டதென்று மன்றத்தில் வாதிடப்பெற்றதோ, அவ்விருவரும் 1947-இல் தம் உரிமை வேண்டித் தாமே வழக்காடி, பணியையும், ஏட்டின்கண் தம் பெயரையும் இழந்து நின்றனர். அவர் பெயரை மீண்டும் பொறிக்க நிறுவனம் உடன்பட்டது 1975-இல்.

அமெரிக்காவில் வெளியீடு நின்றதும், இலண்டனில் அதனை மறுபதிப்பிட்டு வந்த எல். மில்லர் நிறுவனம் சரக்கின்றித் திகைத்தது. மிக் ஆங்கலோ என்பார் உதவிக்கு அழைக்கப்பெற்றார். அவர் செய்தது புதுப்படைப்பு என்பதினும் பெயர்மாற்றம் என்பதே பொருந்தும். பில்லி பாட்சன் மிக்கி மோரன் ஆனான். 'ஷசாம்' போய், அணுவைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லைத் திருப்பி யாத்த 'கிமோட்டா' வந்தது. 1954 பிப்ரவரியில் மார்வெல்மேன் என்னும் பெயரில் வந்த முதல் ஏட்டின் எண் யாது எனின், 25. கேப்டன் மார்வெல் 24-ஆம் எண்ணோடு நின்றமையால், வாங்குவோர் விலகாவண்ணம் எண்ணைத் தொடர்ந்தனர் போலும். இதனை வழிநூல் என்பதா, வணிகர் பலகை மாற்றியது என்பதா? பின்னதே என்பது எம் கருத்து. எனினும் அப்பலகையின் கீழ்ச் சிறுவர் 9 ஆண்டுகள் கதை படித்தனர் என்பதையும் மறத்தலாகாது.

1963-இல் நின்றுபோன அம்மாந்தனை 1982-இல் 'வாரியர்' என்னும் ஆங்கிலேய இதழில் மீண்டும் எழுப்பினார் ஆலன் மூர். ஓவியர் கேரி லீச். ஈண்டுதான் திறனாய்வாளன் நின்று நோக்கவேண்டும். மைக் மோரன் நடுவயதினன். தலைவலியால் வருந்தும் செய்தியாளன். வானிற் பறப்பதாகக் கனாக் காண்பவன். தன் மந்திரச்சொல்லை அறவே மறந்தவன். அணு நிலையம் ஒன்றில் கொடியோரிடம் அகப்பட்டபோது, கண்ணாடிக் கதவில் எழுதியிருந்த 'அடாமிக்' என்னும் சொல்லை மறுபுறமிருந்து தலைமாறிக் காண்கிறான். பழைய சொல் நாவில் வருகிறது. இதுவரை உயிர்ப்பித்தலே. இனி மூர் செய்வது அதனினும் பெரிது. 1950-களின் கதைகளை அவர் பொய்யென்று ஒதுக்கவில்லை. நிகழ்ந்தவை என்று ஏற்கவும் இல்லை. அவையாவும் மறைவான ஆய்வுக்கூடமொன்றில் உறங்கவைக்கப்பட்ட மக்கள் மனத்துள் கார்கன்சா என்னும் அறிவியலான் புகட்டிய கனவுகள் என்கிறார். அக்கனவுகளை அவன் எங்கிருந்து பெற்றான்? கேப்டன் மார்வெல் படக்கதை ஒன்றைக் கண்டு பெற்றான்! ஆங்கலோவின் ஏட்டில் இல்லாத 'வழி'யைக் கதையின் உள்ளேயே மூர் பொறித்துவிட்டார். முன்னோன் முடிபோடு ஒத்துநின்று தான் வேண்டும் வேறுபாடும் கூறுதல் வழிநூற்கு இலக்கணம் என்பர் நன்னூலார். பழைய நிகழ்ச்சி ஒன்றையும் அழியாது அவற்றின் பொருளை முற்றும் மாற்றிய இக்கதையினும் அவ்விலக்கணத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இத்துறையில் யாம் கண்டதில்லை. (கதையின் பிற்பகுதியில் மூரின் நடை அணிகளின் சுமை தாங்காது தள்ளாடுகிறது என்பதையும் சொல்லவேண்டும். முதல் இயல்களின் சிக்கனம் ஆண்டு இல்லை.)

நூலின் நிலை இவ்வாறாக, பெயரின் நிலை வேறாயிற்று. மார்வெல் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் பெயர் அதன்கண் உளதென்று தடை எழுப்பியது. ஆதலின் 1985-இல் எக்லிப்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்டபோது தலைவன் 'மிராக்கிள்மேன்' ஆனான். இதே பெயர்ப்பூசல் மூலத்தையும் விட்டபாடில்லை. 1967-இல் மார்வெல் நிறுவனம் கேப்டன் மார்வெல் என்னும் பெயரில் வேறொரு வீரனை வெளியிட்டுப் பெயரைத் தனதாக்கிக்கொண்டது. வழக்காடிப் பழைய வீரனை வீழ்த்திய டி.சி. நிறுவனமே, 1972-இல் ஃபாசெட்டிடம் உரிமம் பெற்று அவனை எழுப்ப முற்பட்டபோது, ஏட்டுக்கு அவன் பெயரை இடமாட்டாமல் 'ஷசாம்' என்று தலைப்பிட நேர்ந்தது. விற்பனைக்கு இடையூறென அழிக்கப்பட்டவன், விற்பனை கருதியே மீட்கப்பட்டான்.

மூர் தம் பகுதியை முடித்து நீல் கெய்மனிடம் தொடரை ஒப்படைத்தார். ஆசிரியன் ஆசிரியனுக்கு அளித்த இவ்வொப்படைப்பைச் சந்தை ஒப்பவில்லை. எக்லிப்ஸ் நிறுவனம் முறிந்தது. உரிமை யாருடையதென்பது பெருவழக்காயிற்று. 1993-இல் இடையில் நின்ற கதை, 2022-இல் தொடங்கிய புதிய வெளியீட்டில்தான் மேற்சென்றது. நன்கு விற்றும் வந்த ஒரு படைப்பை, உரிமையாளர் இன்னார் எனத் தெளியாமை இத்துணை ஆண்டுகள் கட்டிப்போட்டது. பாயிரத்தைப் புலமை ஆரவாரம் என்று எள்ளுவோர் இதனை நோக்குக.

2009-இல் மார்வெல் நிறுவனம் மிக் ஆங்கலோவிடமிருந்தே உரிமையை விலைக்குப் பெற்றது. அப்போது அவர்க்கு அகவை 93. பெயர்மாற்றம் செய்தாரென்று மேலே யாம் கடிந்த அம்முதியவர்க்கு அவ்வளவேனும் கிட்டியது நன்றே. 2014-இல் மூரின் கதை மறுபதிப்பாயிற்று. பெருநிறுவனங்களொடு தம் பெயர் சேர்தலை வெறுத்த மூர், தம் பெயரை இடலாகாதெனத் தடுத்துவிட்டார். ஆகவே அவ்வேட்டில் எழுதியவர் பெயர் நிற்கவேண்டிய இடத்தில் 'மூல எழுத்தாளர்' என்னும் பொருள்படும் தொடரே அச்சாகியுள்ளது. ஆக்கியோன் பெயரை வெளியீட்டார் மறைத்த காலம் போய், ஆக்கியோனே மறைத்துக்கொள்ளும் காலம் வந்தது. அன்றியும், அத்தொடர் பொருளாலும் வழுவுடையது. சூப்பர்மேன் கண்டு கேப்டன் மார்வெலும், அவன் கண்டு மார்வெல்மேனும் எழுந்த நிரலில் மூர் வழிநூலார், மூலநூலார் அல்லர். சீகல், பார்க்கர், ஆங்கலோ என்னும் மூவருள் எவரைச் சுட்டினும் அச்சொல் ஓரளவு பொருந்தும். அதனைத் தாங்கி நிற்பதோ நான்காமவர் ஏடு.