கோவலன் கூத்தும் மீட்பு வாசிப்பும்

மக்களிடையே வழங்கும் கதையொன்றில் பாவம், பிறருக்காக ஏற்கும் துன்பம், சாவை வென்ற வாழ்வு ஆகியவற்றைத் தேடி, அதனைக் கிறிஸ்துவின் மீட்புச் செயலுக்கு, அதாவது மனிதர் தாமே தீர்க்க இயலாத பாவக்கடனை அவர் தம் மரணத்தால் தீர்த்தார் என்னும் நம்பிக்கைக்கு, முன்னிழலாகக் கொள்ளும் முறையை மீட்பு வாசிப்பு எனலாம். கிரேக்க மெய்யியலாரிடத்தும் இறைவார்த்தையின் வித்துகள் விழுந்திருந்தன என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித யுஸ்தீன் எழுதினார். ஆனந்த குமாரசுவாமியின் தந்தையும் சைவருமான முத்துக் குமாரசுவாமி, அரிச்சந்திர நாடகத்தை 1863 இல் ஆங்கிலமாக்கியபோது அம்மன்னனை வாய்மையின் இரத்தசாட்சி என்று தலைப்பிலேயே குறித்தமையால், இப்பார்வை பாதிரிமாரோடு நின்றுவிடவில்லை என்பதும் தெளிவாகும்.

வட இலங்கையின் வன்னியில் இம்முறையை உரைத்துப் பார்க்கத் தகுந்த கதை, வற்றாப்பளைக் கண்ணகி அம்மனை வழிபடும் முல்லைத்தீவு மண்ணில் ஆடப்படும், சிலப்பதிகாரக் கதையைச் சொல்லும் கோவலன் கூத்தே. மனைவி கண்ணகியின் சிலம்பை மதுரையில் விற்கச் சென்ற கோவலன், குற்றமற்றவனாயிருந்தும் அரசியின் சிலம்பைத் திருடியதாகப் பொய்ப்பழி சுமந்து வெட்டுண்ணும் காட்சியில், தவக்காலத்துப் பாடுகளின் நாடகத்தைப் பார்த்துப் பழகிய கத்தோலிக்கர் கல்வாரியைக் காண்பது இயல்பு. அயலாரின் கதையைப் பேய்வழிபாடென்று ஒதுக்கிய பழைய மிஷன் மனநிலையை விட்டு, அதன் துயரத்துக்குச் செவிசாய்க்கக் கற்பிப்பது இவ்வாசிப்பின் பெருஞ்சிறப்பு.

ஆயினும் கோவலன் எவருக்காகவும் உயிரைக் கொடுத்தவனல்லன்; அவ்வுயிர் அவனிடமிருந்து பறிக்கப்பட்டது. விரும்பித் தன்னை அளித்தலே மீட்புக் கோட்பாட்டின் உயிர்நிலை என்பதால், அது இல்லாதவிடத்தில் கொலையைப் பலியென்று அழைத்தால் கொன்றவனின் பொறுப்பு மறைந்துவிடும். கண்ணகியோ சிலம்பைச் சான்றாக ஏந்தி வழக்குரைக்கிறாள். கிறிஸ்தவச் சாயலைத் தேடுவோர் உண்மையில் அக்கொலைக்கு ஆணையிட்ட பாண்டியனிடத்தே தங்கியிருக்க வேண்டும். தன் தவற்றை அவையறிய ஒப்புக்கொண்டு உயிர்விடும் சிலப்பதிகார மன்னனிடத்தில் மனந்திரும்புதல், அதாவது பாவத்தை உணர்ந்து அறிக்கையிடுதல், மெய்யாகவே நிகழ்கிறது. அதுவும் மதுரையைக் கண்ணகி மூட்டிய தீயிலிருந்து காக்கவில்லை.

உள்நாட்டுப் போர் முடிந்த 2009 க்குப் பின் வன்னியில் இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியாக இருக்க முடியாது. அப்போரின் இறுதிக் களமான முள்ளிவாய்க்காலில் மடிந்த குழந்தைகளின் சாவை மீட்புப் பலியாக உரைப்பது பெற்றோருக்குச் சிறிது ஆறுதல் தரக்கூடும்; எனினும் அக்குழந்தைகள் அதனை விரும்பி ஏற்றதாக எவரும் சொல்ல இயலாது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் அமர்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் கண்ணகியைப் போலவே, தம் பிள்ளைகள் எங்கே என்று பதில் கேட்டனர். அம்மண்ணில் கோவலனைத் தம் மறையுரைக்குள் அழைக்கும் குருவானவர், கண்ணகியின் வழக்கை முழுதும் கேட்ட பின்பே கல்வாரியைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும்.