பீங்கான் மலரும் ‘இயற்கை’ என்னும் கருத்தும்

சக்கரமும் அச்சும் இன்றிக் கையாலேயே உருவாக்கப்படும் பீங்கான் இலைகளையும் மலர்களையும் பற்றி எழுதுவோர், அவற்றின் தோற்றுவாயை இயற்கையிலே கண்டு நிறைவடைந்துவிடுகின்றனர். கலைஞர் மலரைக் கண்டார், மண்ணில் வடித்தார் என்பதே அவர்தம் விளக்கத்தின் சாரம். இவ்விளக்கத்தில் இயற்கை என்றும் மாறாத பொருளாகிவிடுகின்றது. உழைப்போ காணாமற் போகின்றது.

கந்தளாய்க் குளத்தின் விரிந்த நீர்ப்பரப்பைக் காண்போரும் அதனை இயற்கைக் காட்சி என்றே வியப்பர். உண்மையில் அது மனிதர் மண் சுமந்து கட்டிய அணையின் விளைவாகும். 1986 ஏப்ரல் 20இல் அவ்வணை உடைந்து வெள்ளம் ஊர்களை அழித்தபோது, அந்த ‘இயற்கை’ எதன்மீது நின்றது என்பது வெளிப்படையாயிற்று. தமிழ் மரபு இக்குளத்தைக் குளக்கோட்டனுக்கு உரியதாக்கும். சிங்கள மரபு இரண்டாம் அக்கபோதிக்கு உரியதாக்கும். செவிவழிக் கதையோ பூதங்கள் கட்டின என்னும். பூதங்களுக்குக் கிடைத்த இடங்கூட மண் சுமந்தோர்க்குக் கிடைக்கவில்லை.

பீங்கானின் வரலாறும் இத்தகையதே. ஜெர்மனியின் மைசன் நகரில் 1710இல் சாக்சனி அரசன் நிறுவிய ஆலையில், சிற்பி கேண்ட்லர் 1739 அளவில் கலங்கள் முழுவதையும் நுண்ணிய வெண்மலர்கள் மூடும் பாணியை வகுத்தார். அரசன் பெயரும் சிற்பி பெயரும் நின்றன. பூக்களை ஒவ்வொன்றாகக் கையால் செய்து ஒட்டிய தொழிலாளரைக் கலைநூல்கள் அரிதாகவே நினைவுகூர்கின்றன.

செய்பொருளின் தன்மையையும் இவ்விடத்து நோக்குதல் வேண்டும். கயோலின் என்னும் வெண்களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றின் கலவை சாதாரணக் களிமண் போல் கைக்கு இணங்குவதன்று. வளைக்கும்போது எளிதில் வெடிக்கும். ஏறத்தாழ 1300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது இளகிச் சுருங்கும். தாங்கலில்லாத மெல்லிய இதழ் சரிந்துவிடும். ஆகவே இதழின் வளைவைத் தீர்மானிப்பதில் தோட்டத்து மலரினும் சூளையின் பங்கு குறைந்ததன்று. ‘இயற்கையின் மென்மை’ எனத் திறனாய்வாளர் போற்றுவது, பெரும்பாலும் பொருளோடு கை நடத்திய போராட்டத்தின் முடிவேயாகும்.

நமது நாட்டில் கயோலின் பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் காணப்படுகின்றது. மாத்தளைப் பகுதியில் பெல்ஸ்பார் கிடைக்கின்றது. அவற்றை வெட்டியெடுத்த கைகளைப் பற்றிக் கண்காட்சிக் குறிப்புகள் பேசுவதில்லை. அதனினும் கூர்மையான முரண்பாடு ஒன்றுண்டு. பானையின் அடியைப் பலகையால் தட்டித் திரட்டும் குயவரின் கைத்திறனை நமது சமூகம் ‘குலத்தொழில்’ என்று ஒதுக்கிவைத்தது. அதே கைத்திறன் வெண்ணிறப் பீங்கானில் வெளிப்படும்போது ‘கலை’ என்று விலைபெறுகின்றது. இங்கு மாறியிருப்பது வாங்குவோரின் வர்க்கம்.