மின்மானி சொல்லும் தீர்ப்பு

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியில், 2000-ஆம் ஆண்டில் ஆடம் ஜோசப் லூயிஸ் மையம் திறக்கப்பட்டது. வகுப்பறைகளும் ஆசிரியர் அலுவலகங்களும் கொண்ட இக்கட்டிடம், தான் செலவிடுவதைவிட மிகுதியான ஆற்றலை ஒரு நாள் தானே ஆக்கும் என்னும் நோக்குடன் எழுந்தது. வடிவமைத்தவர் வில்லியம் மெக்டொனோ. தெற்கு நோக்கிய கண்ணாடி முகப்பு, நிலத்தடி வெப்பத்தை எடுத்துத் தரும் குழாய்க் கிணறுகள், தாவரங்களால் கழிவுநீரைத் தூய்மையாக்கும் அமைப்பு, கூரையில் 60 கிலோவாட் சூரிய மின்கலங்கள் ஆகிய யாவும் பாராட்டத்தக்கவையே.

ஆனால் வாசகர்களே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அக்கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஜான் ஸ்கோஃபீல்டு மின்செலவை அளந்து பார்த்தார். தொடக்க ஆண்டுகளில் கூரை தந்த மின்சாரம் கட்டிடத்தின் தேவைக்குப் போதவில்லை என்று எடுத்துக்காட்டினார். மின்சாரத்தை விழுங்கிய கொதிகலன் இதற்கு ஒரு காரணம். 2006-இல் வாகன நிறுத்துமிடத்தின் மேல் மேலும் 100 கிலோவாட் மின்கலங்கள் நிறுவப்பட்டன.

மின்கலங்களைக் கூட்டி வரவைப் பெருக்கலாம். செலவைச் சுருக்குவதன்றோ வடிவமைப்பின் திறம்? அந்த அளவில் முதல் வடிவமைப்பு குறையுடையதே. எனினும், தன் குறையை அளந்து சொல்லும் ஆசிரியர் அவ்வளாகத்திலேயே இருந்தது மாணவர்க்குக் கிடைத்த நல்ல பாடம். உங்கள் ஊரில் 'பசுமைக் கட்டிடம்' ஒன்று திறக்கப்பட்டால், அதன் ஓராண்டு மின்கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.