பயணப்படி பில்லில் ஒரு மார்ஷல்

அமெரிக்க மேற்கின் கொள்ளைக்காரன் பில்லி த கிட் இடதுகைக்காரன் என்று பல தலைமுறை நம்பியது. 1958-இல் அவனைப் பற்றி வந்த ஹாலிவுட் படத்தின் பெயரே அதைத்தான் சொன்னது. ஆதாரம் ஒரு புகைப்படம். அதில் கைத்துப்பாக்கி இடுப்பின் இடப்பக்கம் தொங்குகிறது. ஆனால் அது தகரத் தகட்டில் நேரடியாக விழுந்த படம். அந்த வகைப் படத்தில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறித்தான் தெரியும். ஆளை விட்டுவிட்டு அவன் பிடித்திருக்கும் வின்செஸ்டரைப் பார்த்தவர்களுக்கு விஷயம் பிடிபட்டது. தோட்டா நிரப்பும் வாய் அந்தத் துப்பாக்கிக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். படத்தில் இடப்பக்கம் இருக்கிறது. அந்தத் தகடு பில்லியின் கூட்டாளி டான் டெட்ரிக்கிடம் இருந்து, அவர் குடும்பத்துக்குள்ளேயே கைமாறி வந்தது. 2011-இல் 23 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

அமெரிக்க மேற்கின் கொள்ளைக்காரர்களையும் ஷெரிஃப்களையும் பற்றி இன்று உறுதியாகத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இப்படித்தான் வெளிவந்தது: வீட்டுப் பெட்டியிலிருந்தும், சர்ச் பதிவேட்டிலிருந்தும், மாவட்ட நீதிமன்றக் கட்டுகளிலிருந்தும். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரோடு வளர்ந்த நமக்கு இதில் புழுதியும் குதிரையும் குறைவாகத்தான் இருக்கும். கணக்கு வழக்கு அதிகம்.

பில்லியைச் சுட்ட ஷெரிஃப் பேட் காரெட் மறு வருஷமே, 1882-இல், அவன் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டார். எழுதிக் கொடுத்தவர் ஆஷ் அப்சன் என்ற பத்திரிகைக்காரர். பில்லி பிறந்தது நவம்பர் 23, 1859, நியூயார்க் என்று அதில் இருக்கிறது. நவம்பர் 23 அப்சனின் பிறந்தநாளும்கூட! அப்பன் யார், தாய் எங்கிருந்து வந்தாள் என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தை நம்பியே அறுபது எழுபது வருஷம் ஓடியது. பிறகு ஃபிலிப் ராஷ், ராபர்ட் மல்லின் போன்ற ஆராய்ச்சியாளர்கள் பதிவேடுகளைப் புரட்டத் தொடங்கினார்கள். சாண்டா ஃபேயில் ஒரு பிரஸ்பிடீரியன் சர்ச். 1873 மார்ச் 1-ஆம் தேதி கேத்தரின் மெக்கார்ட்டிக்கும் வில்லியம் ஆன்ட்ரிமுக்கும் கல்யாணம். சாட்சிகளில் மணப்பெண்ணின் இரண்டு பிள்ளைகள், ஹென்றியும் ஜோசஃபும். அந்த ஹென்றிதான் நம் ஆள். அம்மாவின் மறுமணத்துக்குச் சாட்சியாக நின்ற பையன், எட்டு வருஷத்தில் ஃபோர்ட் சம்னரில் சுடப்பட்டுச் செத்தான்.

காகிதம் என்றாலே உண்மை என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. 1880 கணக்கெடுப்பில் ஃபோர்ட் சம்னரில், பில்லி வைத்துக்கொண்ட வில்லியம் பானி என்ற பெயரில் ஒருவர் வருகிறார்: வயது 25, பிறந்த ஊர் மிசௌரி. தேடப்படுகிற ஒருவன் கணக்கெடுக்க வந்தவரிடம் நின்று உண்மை விவரம் சொல்லியிருப்பானா? வீட்டில் இருந்த வேறு யாரோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் இருந்த மற்றவர்களை அடுத்த கணக்கெடுப்பில் தேடிப் பார்க்கவும் வழியில்லை. 1890-ஆம் ஆண்டுத் தாள்களில் பெரும்பாலானவை வாஷிங்டனில் 1921-இல் பிடித்த தீயில் நாசமாயின. மேற்கில் குடியேறியவர்களின் வம்சாவளி தேடுகிற எவரும் முட்டிக்கொள்ளும் சுவர் அது.

பில்லி துப்பாக்கி பிடித்த, நியூ மெக்சிகோவின் லிங்கன் கவுண்டிச் சண்டையை விளங்கிக்கொள்ள உதவியதோ கடல் தாண்டி இருந்த ஒரு வீடு. அதன் தொடக்கத்தில், 1878 பிப்ரவரியில் கொல்லப்பட்ட ஜான் டன்ஸ்டல் லண்டன்காரர். ஊருக்கு விடாமல் கடிதம் எழுதுகிற பிள்ளை. அந்தக் கடிதங்களைக் குடும்பம் பத்திரமாக வைத்திருந்தது. இங்கிலாந்திலேயே இருந்த ஃபிரெடரிக் நோலன் அவற்றை வைத்து 1965-இல் டன்ஸ்டலின் வாழ்க்கையை எழுதினார். மாட்டுப் பண்ணையில் எவ்வளவு லாபம் வரும், ஊர்க் கடையை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் பிள்ளை அப்பாவுக்கு எழுதுகிறான். சண்டையின் வேர் அங்கே இருந்தது. பில்லி அதில் ஒரு கூலியாள்.

குடும்பச் சொத்து எப்போதும் இவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை. மேற்கின் புகழ்பெற்ற சட்டக்காவலர் வயட் எர்ப்பின் மனைவி ஜோசஃபின் 1944-இல் இறந்தார். அதற்கு முன் எர்ப் குடும்பத்துப் பெண்கள் இருவர் அவர் சொல்லச் சொல்ல ஒரு கையெழுத்துப் பிரதி தயாரித்தார்கள். டூம்ஸ்டோன் ஊரில் நடந்தவற்றைச் சொல்லும் பகுதி வந்தபோது ஜோசஃபின் நழுவிக்கொண்டே இருந்தாராம். 1976-இல் அவரே சொன்னதாக ஒரு தன்வரலாறு வந்தது. தொகுத்தவர் க்ளென் பாயர். பல்கலைக்கழகப் பதிப்பகம் போட்ட நூல் என்பதால் எல்லாரும் மேற்கோள் காட்டினார்கள். கடைசியில் அதன் பெரும்பகுதிக்கு மூலமே இல்லை என்று அம்பலமாகி, பதிப்பகம் கைகழுவியது. இன்னொரு பக்கம், ஜோசஃபினுக்கு முன் வயட்டோடு மனைவியாக வாழ்ந்த மேட்டி பிளேலாக் 1888-இல் அரிசோனாவின் பைனல் என்ற ஊரில் அபின் மருந்து குடித்துச் செத்ததை ஒரு பிரேத விசாரணைக் காகிதம் சொல்கிறது. எர்ப்பைக் கொண்டாடியவர்கள் எழுதாமல் விட்ட பெண் அவர்.

செத்தவர்கள் தாங்களே என்று சொல்லிக்கொண்டு வந்த கிழவர்களின் கதை தனி. 1950-இல் டெக்ஸஸின் ஹைகோவைச் சேர்ந்த பிரஷி பில் ராபர்ட்ஸ் தான்தான் பில்லி என்று நியூ மெக்சிகோ கவர்னரிடம் மன்னிப்புக் கேட்டுப் போனார். அவர் குடும்ப பைபிளில் குறித்திருந்த பிறந்த வருஷம் 1879. இன்னொரு கொள்ளைக்காரரான ஜெஸ்ஸி ஜேம்ஸுக்கும் இப்படிப் போலிகள் உண்டு. 1995-இல் மிசௌரியில் சமாதியைத் தோண்டி, அவர் சகோதரியின் பெண்வழிச் சந்ததியின் ரத்தத்தோடு ஒப்பிட்டு அந்தப் பேச்சுக்கு ஏறக்குறைய முடிவு கட்டினார்கள்.

இந்தத் துறையில் எனக்கு முக்கியமாகப் படுவது பாஸ் ரீவ்ஸ் பற்றிய வேலைதான். 1838-இல் ஆர்கன்சாவில் அடிமையாகப் பிறந்தவர். 1875 முதல் நீதிபதி பார்க்கரின் ஃபோர்ட் ஸ்மித் நீதிமன்றத்துக்குத் துணை மார்ஷல். அவரைப் பற்றி 2006-இல் நூல் எழுதிய ஆர்ட் பர்ட்டன், கறுப்பர்களின் வரலாற்றை நாங்கள் சேர்த்துவைக்கவில்லை என்று உள்ளூர் வரலாற்றுச் சங்கத்திலிருந்து தனக்குப் பதில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். அவருக்குக் கைகொடுத்தது அரசாங்கத்தின் கஞ்சத்தனம். துணை மார்ஷலுக்குச் சம்பளம் கிடையாது, படிதான். போகும்போது மைலுக்கு 6 சென்ட், கைதியோடு திரும்பும்போது 10 சென்ட், வாரண்டைச் சேர்த்தால் 2 டாலர். பிடிக்கப் போன ஆளைக் கொன்றுவிட்டால் காசு இல்லை. ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் பில் போட வேண்டும்: எங்கே, என்றைக்கு, எத்தனை மைல், யாரைப் பிடித்தது. எழுதப் படிக்கத் தெரியாத ரீவ்ஸின் வாழ்க்கை அந்தக் கட்டுகளில் தேதிவாரியாகக் கிடக்கிறது.

மாறுவேஷத்துக்குப் படி கிடையாது என்பதால் பில்லில் வேஷம் இல்லை. பிச்சைக்காரனாகவும் நாடோடியாகவும் போய் ஆள் பிடித்தார் என்பதை வாய்மொழியாகவே கேட்க முடியும். 1930-களில் ஓக்லஹோமாவில் அரசுச் செலவில் பழைய ஆட்களைப் பேட்டி கண்டு நூற்றுக்கு மேற்பட்ட தொகுதிகளாகத் தட்டச்சு செய்து வைத்தார்கள். அவற்றிலும் ரீவ்ஸ் வருகிறார். ஏழை விதவைக்குக் கடன் அடைத்த ஜெஸ்ஸி ஜேம்ஸ் கதையை நான் நம்பமாட்டேன். அது ஊருக்கு ஊர் ஆள் மாறி வருகிற கதை. ரீவ்ஸின் வேஷங்களை நம்பலாம் என்று நினைக்கிறேன். சொன்னவர்களுக்கு அதில் விற்க ஒன்றும் இருக்கவில்லை.

1884-இல் தன் சமையல்காரரைச் சுட்டுக் கொன்றதாக ரீவ்ஸ் மீதே வழக்கு வந்தது. மாட்டிக்கொண்ட தோட்டாவை எடுக்கும்போது வெடித்துவிட்டது என்றார், 1887-இல் விடுதலையானார். நீதிமன்றக் கட்டில் அந்த முகாமில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று சாட்சிகள் சொல்கிறார்கள். ரீவ்ஸைத் தேடி வருகிறவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுவதுண்டு. சாட்சி சொன்ன எளிய மனிதர்களின் பேரன் பேத்திகளுக்கோ, தங்கள் முன்னோர் வாய்திறந்து பேசிய பேச்சு வேறெங்கும் எழுத்தில் கிடைக்காது.