'நிறைஞ்சிட்டேன்' எனச் சொல்லும் தொட்டி

குப்பைத் தொட்டிக்கு 'அறிவு' வந்துவிட்டதாம். நகரத் தூய்மை குறித்த சொல்லாடலில் இப்போது இது சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. அந்த அறிவு இதற்கு முன் யாரிடம் இருந்தது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவை முன்வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என நினைக்கிறேன்.

2009ல் அந்நகரத்தின் மையப் பகுதியிலிருந்த 700 கம்பிக் கூடைகளை எடுத்துவிட்டு 500 'பிக்பெல்லி' தொட்டிகளை வைத்தார்கள். தலையில் சூரிய ஒளித் தகடு. உள்ளே ஒரு ஒளிக்கற்றை. குப்பை மேலேறி அதை மறித்ததும் மோட்டார் இயங்கி நசுக்கும். அதே அளவுள்ள சாதாரணத் தொட்டியைப்போல ஐந்து மடங்கு கொள்ளும் என்கிறார்கள். இனி நசுக்க இடமில்லை என்றால் அலுவலகத்துக்குச் செய்தி போகும்: 'நிறைஞ்சிட்டேன், வந்து அள்ளு.'

வாரம் 17 முறை அள்ளியது இனி 5 முறை போதும், 33 ஆட்கள் செய்த வேலைக்கு 17 பேர் போதும் என்று நகராட்சி பெருமையோடு கணக்குச் சொன்னது. (அடுத்த ஆண்டே நகரத் தணிக்கையாளர் பார்த்தபோது, சொன்னதைவிட அதிக முறை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.) எந்த முக்கில் வெள்ளிக்கிழமை ராத்திரி பொங்கி வழியும், மழை பெய்தால் எது கனக்கும், எதில் உடைந்த கண்ணாடி கிடக்கும் என்பதெல்லாம் கூடையை அள்ளுகிறவருக்குத் தெரியும். அதை எவரும் அறிவு என்று அழைத்ததில்லை. அதையே ஒரு ஒளிக்கற்றை, அதுவும் அரைகுறையாக, 'நிறைஞ்சிடுச்சு' என்ற ஒற்றைத் தகவலாகச் சுருக்கிச் சொன்னால் அது அறிவாம்! உடலிலிருந்து பிரித்தெடுத்து இயந்திரத்தில் ஏற்றிய பிறகுதான் அதிகாரத்தின் காதில் விழுகிறது.

இன்னொன்று, அந்தத் தொட்டியின் மூடிய வாய். போடலாம், எடுக்க முடியாது. தெருவில் வாழ்கிறவர் கம்பிக் கூடையில் கைவிட்டு அலுமினிய டப்பாவோ மிச்சச் சாப்பாடோ எடுப்பார். அந்தக் கை இப்போது உள்ளே போகாது. அழுக்கு என்பது இடம் மாறிக் கிடக்கும் பொருளே என்று மேரி டக்ளஸ் 1966ல் வாதிட்டார். இங்கே மனிதர்களே இடம் மாறிக் கிடப்பவர்களாக ஆக்கப்படுகிறார்கள். வடிவமைப்பாளர் இப்படியெல்லாம் யோசித்திருக்கமாட்டார்தான். யோசிக்காமலே நடப்பதுதான் விஷயம்.

2025 ஜூலை 1 அன்று அதே பிலடெல்பியாவில் குப்பை அள்ளுவோர் உட்பட நகராட்சித் தொழிலாளர்கள் சுமார் 9,000 பேர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். எட்டு நாளில் தெருவுக்குத் தெரு குப்பை மலை. மேயரின் பெயரைச் சேர்த்து 'பார்க்கர் குவியல்கள்' என்று சனங்கள் கேலி பேசினார்கள். தொட்டி என்ன செய்தி அனுப்பினால் என்ன, வந்து அள்ள ஆள்? ஆண்டுக்கு 3 சதம் உயர்வு என்பதோடு அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். கேட்டது அதற்கு மேல்.

நசுக்கும் இயந்திரத்துக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. 1968 பிப்ரவரி 1 அன்று மெம்பிஸ் நகரில், மழைக்குக் குப்பை லாரியின் பின்புறம் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு கறுப்பினத் தொழிலாளிகளை லாரியின் அழுத்தும் பொறி நசுக்கிக் கொன்றது. அதன்பின் எழுந்த வேலைநிறுத்தத்தில் 'நான் மனிதன்' என எழுதிய அட்டைகளைச் சுமந்து நடந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக வந்த இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார்.

இதையெல்லாம் வெளியூர்ச் சேதியாக வாசித்துவிட்டுப் போக நம்மால் முடியாது. பிலடெல்பியாவின் போராட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2025 ஆகஸ்ட் 1 அன்று சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுக்காதே என்பது கோரிக்கை. பெரும்பாலோர் தலித்துகள், பெண்கள். 13 நாள் உட்கார்ந்து சொன்னார்கள். நீதிமன்ற ஆணையைக் காட்டி ராத்திரியோடு ராத்திரியாக அவர்களை அள்ளிக்கொண்டு போனது போலீஸ்.