மீத்திறன் தேர்வும் மொழியும்: திருவனந்தபுரத் தொடக்கப் பள்ளிச் செயற்பாடுகள் குறித்த ஒரு திறனாய்வு

1. முன்னுரை

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுள் திறன் மிக்கோரைக் கண்டறிந்து, அவர்களுக்கெனத் தனிச் செயற்பாடுகளை அமைக்கும் முயற்சி கேரளத்தில் மூன்று வழிகளில் நடைபெற்று வருகிறது. நான்காம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் நடத்தப்பெறுவனவும், எல்.எஸ்.எஸ்., யு.எஸ்.எஸ். என்னும் பெயர்களால் நெடுங்காலம் அறியப்பட்டனவுமான உதவித்தொகைத் தேர்வுகள் முதல் வழி. யு.எஸ்.எஸ். தேர்வில் முன்னிற்போருக்குக் கல்வி மாவட்ட அளவில் ‘கிஃப்டட் சில்ட்ரன்’ என்னும் திட்டமும் உண்டு. பள்ளிக் கலோல்சவம் இரண்டாம் வழி. வித்யாரங்கம் கலா சாகித்ய வேதி நடத்தும் கதை, கவிதை, நாட்டுப்பாடல், நடிப்பு, ஓவியம், நூல்நயம் காணல் ஆகிய பட்டறைகள் மூன்றாம் வழி.

இச்செயற்பாடுகளை மொழியியல் நோக்கில் ஆராய்வதற்குத் திருவனந்தபுரம் தக்க களமாகும். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தபின், திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இந்நகரில் தமிழ் சிறுபான்மை மொழியாக நிலைபெற்றது. சாலைக் கடைத்தெருவைச் சார்ந்த பகுதிகளில் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசி வளரும் குழந்தைகள் இன்றும் உளர். சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளியும் உண்டு. இக்குழந்தைகள் மேற்கூறிய செயற்பாடுகளில் பங்கேற்கும்போது அவர்களிடம் அளக்கப்படுவது எது? ஒரு மொழியில் அமைந்த வினா மற்றொரு மொழிக்குப் பெயர்க்கப்படும்போது அளவுகோல் மாறாது நிற்கிறதா? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

2. பெயரும் கருத்தும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1972இல் வெளிவந்த மார்லண்ட் அறிக்கை ‘கிஃப்டட்’, ‘டேலண்டட்’ என்னும் இரு சொற்களையும் இணைத்து, பொது அறிவாற்றல், தனிப்பாடத் திறன், ஆக்கச் சிந்தனை, தலைமைத் திறன், காட்சிக்கலை மற்றும் நிகழ்த்துகலைத் திறன், உடலியக்கத் திறன் என ஆறு களங்களைச் சுட்டியது. முதற்சொல் கொடை என்னும் உருவகத்தின்மேல் எழுந்தது. கொடுத்தவர் ஒருவர் உண்டு, பெற்றவர் சிலரே என்னும் குறிப்பு அதனுள் அடங்கியுள்ளது. தமிழ்க் கல்வியியலில் வழங்கும் ‘மீத்திறன்’ என்னும் சொல் அக்குறிப்பைக் கைவிட்டு அளவு என்னும் கருத்தை ஏற்றது. ‘மீ’ என்பது மேல் என்னும் பொருளது. எதற்கு மேல் என்னும் வினா அச்சொல்லோடு ஒட்டியே வருகிறது. ஆதலின் அளக்கும் கருவி இன்றி மீத்திறன் என்னும் கருத்து நில்லாது.

மலையாளத்தில் பெருவழக்காக உள்ள ‘பிரதிப’ என்னும் சொல் வடமொழிக் கவிதையியலிலிருந்து வந்தது. தண்டி இதனைப் பிறப்போடு வந்த ஆற்றலாகக் கூறினார். இராசசேகரர் தம் காவ்யமீமாம்சையில் இதனைப் படைக்கும் பிரதிபை, துய்த்துணரும் பிரதிபை என இரண்டாகப் பகுத்தார். பர்த்ருஹரி வாக்கியப் பொருள் கேட்போர் உள்ளத்தில் ஒருங்கே ஒளிர்வதைப் பிரதிபை என்றார். எனவே இச்சொல்லின் வரலாற்றில் கேட்டுப் பொருள் உணர்தலும் ஓர் ஆற்றலாகவே எண்ணப்பட்டது. இன்றைய பள்ளி வழக்கில் அப்பொருள் பெரிதும் மங்கிவிட்டது. மேடையில் நிகழ்த்தி வெற்றி பெற்றவரையே பிரதிப என்று அழைக்கின்றனர். 1986இல் கலோல்சவத்தில் தொடங்கி, 2000களின் நடுப்பகுதியில் கைவிடப்பட்ட ‘கலாபிரதிப’, ‘கலாதிலகம்’ பட்டங்கள் இப்பொருள் குறுக்கத்திற்குச் சான்றாகும். பட்டங்கள் நீங்கினும் சொல்லின் குறுகிய பொருள் நீங்கவில்லை.

3. செயற்பாடுகளின் வகைப்பாடு

செயற்பாடுகளை மதிப்பிட நன்னூலின் மாணாக்கர் வகைப்பாடு பொருத்தமான கருவியாகும். பவணந்தியார் அன்னத்தையும் ஆவையும் தலை மாணாக்கருக்கும், மண்ணையும் கிளியையும் இடை மாணாக்கருக்கும் உவமையாக்கினார். அன்னம் பாலையும் நீரையும் பிரித்தறியும். ஆ கிடைத்த புல்லை வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்தில் இருந்து அசைபோடும். மண் உழவன் செய்த முயற்சியின் அளவுக்கே விளைவு தரும். கிளி கற்பித்ததை மட்டும் சொல்லும்.

கலோல்சவத்தின் மொழி சார்ந்த இனங்களுள் செய்யுள் ஒப்புவித்தல் முதன்மையானது. அக்ஷரஸ்லோகம் இன்னும் நுட்பமானது. முன்னவர் சொன்ன சுலோகத்தின் மூன்றாம் அடி எவ்வெழுத்தில் தொடங்குகிறதோ அவ்வெழுத்தில் தொடங்கும் சுலோகத்தை அடுத்தவர் சொல்ல வேண்டும். எழுத்து வாயிலாக நினைவுக் களஞ்சியத்தைத் துழாவி எடுக்கும் பயிற்சி இது. இதன் அருமை மறுக்கத்தக்கதன்று. எனினும் இவை கிளியின் ஆற்றல்கள் என்பதையும், நன்னூலார் கிளியை இடைநிலையில் வைத்தார் என்பதையும் கருதுதல் வேண்டும். உதவித்தொகைத் தேர்வுக்குப் பல திங்கள் தனிப்பயிற்சி பெற்று எழுதும் குழந்தை மண்ணுக்கு ஒப்பாகும். அங்கே விளைவது பெரும்பாலும் உழுதவரின் முயற்சியே.

ஜோசப் ரென்சுல்லி 1977இல் வெளியிட்ட செறிவூட்டல் மாதிரி செயற்பாடுகளை மூன்றாகப் பகுத்தது. புதிய துறைகளை அறிமுகம் செய்தல் முதல் வகை. சிந்தனை முறைகளைக் குழுவாகப் பயிற்றுதல் இரண்டாம் வகை. உண்மையான ஒரு சிக்கலைக் குழந்தை தானே எடுத்து ஆராய்தல் மூன்றாம் வகை. மூன்றாம் வகை ஆவின் மேய்ச்சலும் அசைபோடலும் ஆகும். வித்யாரங்கத்தின் நூல்நயம் காணலும் நாட்டுப்பாடல் திரட்டலும் இவ்வகைக்கு அருகில் வருவன. ஆயினும் பரிசும் மதிப்பெண்ணும் ஒப்புவித்தலுக்கும் நிகழ்த்தலுக்குமே மிகுதியாக உள்ளன. 2025 சனவரியில் திருவனந்தபுரத்தில் நடைபெற்ற 63ஆம் மாநிலக் கலோல்சவத்தில் 249 இனங்கள் இருந்தன. தொடக்கநிலைக் குழந்தைகளின் போட்டிகள் மாநில மேடை வரை செல்லாமல் கீழ் நிலைகளிலேயே முடிந்துவிடுகின்றன என்றாலும், எவை திறன் என்று எண்ணப்படுகின்றன என்பதை அம்மேடையே அவர்களுக்கும் கற்பிக்கிறது. அப்பட்டியலில் சமற்கிருதத்திற்கும் அரபிக்கும் தனித்தனியே 19 இனங்கள் உள்ளன. தமிழுக்குரியவையோ செய்யுள் ஒப்புவித்தல், பேச்சு போன்ற மிகச் சிலவே.

4. தமிழாக்க வினாவின் சிக்கல்

உதவித்தொகைத் தேர்வைத் தமிழ்வழியிலும் எழுத இடமளித்திருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் மொழிப்பாடம் நீங்கலாகப் பிற பாடங்களில் தமிழ்வழி மாணவர் எதிர்கொள்வது தமிழாக்கமே. பாடச் செய்தியை வினவும் வினா தமிழாக்கத்தில் பெரிதும் கெடுவதில்லை. சிந்தனையை அளக்கும் வினா கெடும். இதனை மூன்று நிலைகளில் காட்டலாம். கீழ்வரும் எடுத்துக்காட்டுகள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

முதலாவது வினைத்திரிபு நிலை. வீட்டில் அண்ணன், தங்கை, பூனை மூவரும் இருக்க, அடுக்களையில் இருந்த பால் தீர்ந்துவிடுகிறது. தரையில் உள்ள தடயங்களைக் கொண்டு குடித்தவரைக் கண்டறிய வேண்டும் என்பது வினா. மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டாது. ‘குடிச்சு’ என்னும் வடிவம் மூவருக்கும் பொது. அதனைத் தமிழாக்குபவர் ‘குடித்தான்’ என்றோ ‘குடித்தாள்’ என்றோ ‘குடித்தது’ என்றோ முடித்தே ஆக வேண்டும். முடித்த அக்கணமே விடை வெளிப்பட்டுவிடுகிறது. ‘குடித்தது யார்’ என்று வினையாலணையும் பெயரால் அமைத்தால் மட்டுமே புதிர் புதிராக நிற்கும். இத்திருத்தத்தைச் செய்வதற்கு மொழிபெயர்ப்பாளர் வினாவின் பொருளோடு அதன் நோக்கத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது சொல்லமைப்பு நிலை. மலையாளத்தில் ‘மாங்ங’, ‘தேங்ங’, ‘வழுதனங்ங’ ஆகிய சொற்களுள் மறைந்துள்ள பொது உறுப்பைக் காண்க என்று வினவினால், ஒலிமாற்றத்தால் மறைந்த ‘காய்’ என்பதைக் குழந்தை ஊகித்தறிய வேண்டும். தமிழில் ‘மாங்காய்’, ‘தேங்காய்’, குமரி மாவட்ட வழக்கில் ‘வழுதலங்காய்’ என்று எழுதிய அளவில் விடை கண்முன் நிற்கிறது. ஒரு மொழியில் அன்னத்திற்குரிய வினா மறுமொழியில் எவர்க்கும் உரிய வினாவாகிறது.

மூன்றாவது எழுத்தும் சொற்பொருளும். மலையாள எழுத்தில் வேறுபட்டு நிற்கும், கனியையும் வலிமையையும் குறிக்கும் இரு சொற்கள் தமிழ் எழுத்தில் ‘பலம்’ என்று ஒன்றாகிவிடும். ‘வெள்ளம்’ மலையாளத்தில் நீர், தமிழில் பெருக்கு. ‘அவசரம்’ அங்கே வாய்ப்பு, இங்கே விரைவு. ‘உத்தரம்’ அங்கே விடை, இங்கே வீட்டுக் கூரையைத் தாங்கும் மரம். ‘உபந்யாசம்’ அங்கே கட்டுரை, இங்கே சமயச் சொற்பொழிவு. இருமொழிக் குழந்தை ஒன்று தமிழ்த்தாளில் மலையாளப் பொருள் கொண்டு விடையெழுதினால் அது பிழையாகிறது. இரு பொருளையும் அறிந்திருக்கும் நிலை அறியாமையாகப் பதிவாவதே இங்குள்ள இடர்.

இச்சிக்கல் புதிதன்று. 1905இல் பாரிசில் உருவான பினே–சிமோன் அளவுகோலை இந்தியாவிற்குக் கொணர்ந்தோர் வெறும் மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. சி. எச். ரைஸ் 1929இல் இந்துஸ்தானியிலும், பின்னர் வி. வி. காமத் மராத்தி, கன்னடக் குழந்தைகளுக்காகவும் வினாக்களைத் தழுவி அமைத்தனர். சி. எம். பாட்டியா 1955இல் எழுத்தறிவில்லாதோர்க்கும் பொருந்தும் செயல்வழிச் சோதனைகளை வகுத்தார். ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் எழுதும் நவோதயா நுழைவுத் தேர்வு வேறு வழியை மேற்கொண்டது. அதன் 80 வினாக்களுள் 40 வினாக்கள் சொற்களுக்கு இடமளிக்காத உருவப் புதிர்கள். 100 மதிப்பெண்களில் 50 அவற்றுக்கு உரியவை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் செற்றச்சலில் உள்ள நவோதயா பள்ளிக்கும் இத்தேர்வே வாயில். உருவப் புதிர் மொழிச் சார்பை நீக்குகிறது என்பது உண்மை. அதனோடு மொழித்திறனும் பார்வையிலிருந்து நீங்கிவிடுகிறது என்பதும் உண்மை.

5. இருமொழிக் குழந்தையின் திறன்

குவாதலூப்பே வால்தேசு என்னும் மொழியியலாளர் 2003இல் வெளியிட்ட நூல், அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களில் பெற்றோருக்காக மொழிபெயர்த்துப் பேசும் இளையோரை ஆராய்ந்தது. பேசுவோரின் உள்நோக்கை அறிதல், கேட்போருக்கு ஏற்பச் சொல்லைத் தேர்தல், கடுஞ்சொல்லைப் பொருள் குன்றாமல் தணித்தல், இவை யாவற்றையும் நொடிப்பொழுதில் செய்தல் ஆகியவை மீத்திறனின் ஒரு வகையே என்பது அந்நூலின் வாதம். மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் அங்காடியிலும் பெற்றோருக்கும் பிறருக்கும் இடையே நின்று பேசும் திருவனந்தபுரத் தமிழ்க் குழந்தைக்கும் இது பொருந்தும். அகத்தியமலைச் சாரலில் தம் பேச்சு வழக்கிலிருந்து பள்ளி மலையாளத்திற்கு நாள்தோறும் மாறும் காணிக்காரக் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். ஆனால் வித்யாரங்கத்தின் பட்டறைப் பட்டியலில் மொழிபெயர்ப்பு இடம்பெறவில்லை.

இத்திறன் சூழ்நிலையால் வருவது, இயல்பான மீத்திறன் ஆகாது என்று மறுப்போர் இருக்கலாம். அவ்வாறாயின் கட்டணம் கொடுத்துக் கற்கும் நடனமும் இசையும் சூழ்நிலையால் வருவனவே. அவற்றுக்கு இம்மறுப்பு எழுவதில்லை. இரு குழந்தைகள் ஒரே சூழலில் வளரினும் ஒன்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கும், மற்றொன்று கருத்தை எடுத்துத் தரும். அவ்வேறுபாடே இங்கு அளக்கத்தக்கது.

தமிழுக்கும் மலையாளத்திற்கும் இடையே நிகழ்ந்த இலக்கியப் பரிமாற்றமும் ஈண்டு நினைக்கத்தக்கது. தகழியின் ‘செம்மீன்’, ‘தோட்டியின் மகன்’ ஆகியவற்றைத் தமிழுக்குத் தந்த சுந்தர ராமசாமி மலையாளத்தில் பள்ளிப் பயிற்சி தொடங்கி, பதினெட்டு வயதளவில்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றவர். பள்ளிக் கல்வியை நிறைவு செய்யாதவர். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஆ. மாதவன் சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் கலப்பு வழக்கைக் கதைகளுக்குள் கொணர்ந்தார். நீல. பத்மநாபன் இரு மொழிகளிலும் புலமை பெற்று மொழிபெயர்ப்பிலும் ஈடுபட்டார். இத்தகையோரை வளர்த்த இருமொழிச் சூழலுக்குப் பள்ளியின் திறன் பட்டியலில் இன்றும் பெயரில்லை.

6. முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் சில பரிந்துரைகள் பெறப்படுகின்றன. சிந்தனையை அளக்கும் வினாக்களைத் தமிழில் பெயர்ப்பதை விடுத்து, அதே நோக்கமும் ஒத்த கடினநிலையும் கொண்ட வினாக்களைத் தமிழிலேயே இயற்றல் வேண்டும்; இப்பணியில் மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் வினா அமைப்போருடன் அமர்தல் வேண்டும். இரு மொழிகளிலும் பொருள் வேறுபடும் சொற்கள் பாடவாரியாகத் தொகுக்கப்பட்டு வினா அமைப்போர்க்கும் திருத்துவோர்க்கும் வழங்கப்பட வேண்டும். வித்யாரங்கப் பட்டறைகளில் வாய்மொழி மொழிபெயர்ப்பு ஒரு செயற்பாடாக இடம்பெறல் வேண்டும்.

மொழிப் புதிர்களும் இடம்பெறல் வேண்டும். 1965இல் மாஸ்கோவில் தொடங்கி, 2003 முதல் பன்னாட்டளவில் நடைபெறும் மொழியியல் ஒலிம்பியாடு உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குரியது. அறியாத மொழியின் சில தொடர்களைக் கொண்டு அதன் இலக்கணத்தைக் கண்டறியும் அதன் முறையை எளிமையாக்கித் தொடக்கப் பள்ளிக்கும் கொணரலாம். மனப்பாடம் உதவாத, தனிப்பயிற்சி பெரிதும் கைகொடுக்காத இடம் அது. தமிழ், மலையாளம், காணிக்காரர் வழக்கு மூன்றும் அருகருகே வழங்கும் மாவட்டத்தில் இதற்கான தரவுகளைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. குழந்தைகளே அவற்றை வீட்டிலிருந்து கொண்டுவருவர்.

கிளியின் இனிமைக்குப் பரிசளிப்பதை எவரும் தடுக்க வேண்டியதில்லை. இரு மொழிகள் கலந்த கலத்தில் பாலையும் நீரையும் பிரித்தறியும் குழந்தை அதே வகுப்பில் அமர்ந்திருக்கிறது. அதனைக் காணத்தக்க ஒரு செயற்பாடேனும் பட்டியலில் சேரும்வரை, மீத்திறன் என்னும் சொல் தான் அளக்க வந்த பொருளில் ஒரு பகுதியை அளக்காமலே நிற்கும்.