இரட்சணிய யாத்திரிகத்தில் சுமை இறங்கும் இடம்

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றி 1894-ஆம் ஆண்டில் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தைப் பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் கம்பன் சாயலை எடுத்துக்காட்டுவதோடு அமைந்துவிடுகின்றன. அச்சாயல் உண்டு, மறுப்பார் இலர். ஆயின் நூற்பொருள் பற்றிய ஒரு தடை விடைபெறாமலே நிற்கின்றது. மனைவி மக்களை விடுத்துத் தன்னுயிர் உய்யுமாறு ஓடுகின்ற ஒருவனைத் தலைவனாகக் கொண்ட காப்பியத்தில் தூய வாழ்வும் தொண்டும் இடம்பெறுதல் யாங்ஙனம் என்பதே அத்தடை. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மூலநூலாகிய பனியனின் கதை (முதற்பகுதி, 1678) இறுதியில் வானக நகரத்தை அடைகின்றது. எனினும் பயணியின் முதுகிலுள்ள சுமை அங்கே இறங்குவதில்லை. பயணத்தின் தொடக்கப் பகுதியிலேயே சிலுவையின் எதிரில் அது நழுவி வீழ்கின்றது. துன்ப மலையும், அப்பொல்லியோனோடு நிகழும் போரும், மாயச் சந்தையும், ஐயக் கோட்டையும் அதற்குப் பின்னரே வருகின்றன. மீட்கப்பட்டவனே இவற்றையெல்லாம் கடக்கின்றான். மீட்பைப் பெறும் பொருட்டுக் கடக்கின்றானல்லன். எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், 8 முதல் 10 வரையுள்ள வசனங்களில் அருளை முன்னும் நற்கிரியையைப் பின்னும் வைக்கும் முறையும் இதுவேயாம். தமிழ்க் காப்பியமும் இம்முறையைப் பிறழவிடவில்லை.

அறம் முதலிய மூன்றன் பின் வீட்டை வைத்து எண்ணிப் பழகிய நமக்கு இவ்வமைப்புப் புதிது. இந்நூலின் உரைநடை மொழிபெயர்ப்பு ‘மோட்சப் பிரயாணம்’ என்ற பெயரால் வழங்குவதும் பயனை முடிவிலேயே தேடச் செய்கின்றது. கிருஷ்ணபிள்ளையோ பிறப்பால் வைணவர். 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர். அடைக்கலம் புகுந்தவனுக்குக் கைங்கரியம் கூலிக்குச் செய்யும் வேலையன்று, அவனது நிலைக்கே உரிய இயல்பு என்னும் கருத்து அம்மரபில் வேரூன்றியது. இரு சமயக் கோட்பாடுகளும் ஒன்றென யாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது இரண்டனுக்கும் இழுக்கு. சுமை இறங்கிய பின்னும் நடை தொடர்வதன் பொருளை உணர்தற்கேற்ற செவி இப்புலவர்க்கு முன்னரே வாய்த்திருந்தது என்பதே எம் கருத்து.

இனித் தடைக்கு வருவோம். பயணி குடும்பத்தை மறந்தான் என்பது மூலத்தோடு பொருந்தாது. அழகிய மாளிகையில் அன்பு என்னும் நங்கை இதனையே வினவ, அவன் கண்ணீரோடு விடை கூறுகின்றான். வாயளவில் சமயம் பேசும் வாயாடியின் போலித்தன்மை வெளிப்படும் பகுதி, நடக்கையில்லாத அறிவை வன்மையாகக் கண்டிக்கின்றது. ஆகவே தூய வாழ்வு இக்கதையில் உண்டு என்பதில் ஐயமில்லை.

தொண்டினைப் பற்றி அங்ஙனம் துணிந்து கூறல் இயலாது. பனியன் 1684-இல் இரண்டாம் பகுதியை வெளியிட்டார். அதில் பயணம் ஒருவனதன்று. பெண்டிரும் சிறாரும் ஊன்றுகோலாளரும் உடன் செல்கின்றனர். வழித்துணைவனாகிய பேருள்ளத்தான் மெலிந்தோர் நடைக்கேற்பத் தன் நடையைத் தளர்த்துகின்றான். இரக்கம் என்னும் கன்னி வறியோர்க்கு ஆடை தைக்கின்றாள். அவளை மணக்க விரும்பி வந்தவன் அவள் உழைப்பு வருவாயாகாமை கண்டு விலகிப்போகின்றான்! மீட்பு பிறர்க்குழைக்கும் அழைப்பாவதை இத்துணை எளிமையாகக் காட்டிய இடங்கள் மிகச் சிலவே.

கிருஷ்ணபிள்ளை தழுவியது முதற்பகுதியின் கதையை மட்டுமே. இடையிடையே அமைந்த தேவாரப் பாடல்கள் உள்ளம் உருக்குவன. எனினும் அவை பாடுவோன் தன் உயிரை நோக்கியே நிற்பன. ஐந்து பருவங்களும் 3,700-க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட பெருநூலில் இஃதொரு குறையே என்று கூறத் தயங்கோம். மூலத்தில் பயணி காண்பது சிலுவை ஒன்றையே. தமிழ்ப் புலவரோ குமார பருவத்தில் இயேசுபெருமானின் பாடுகளையே விரித்துரைக்கின்றார். தன்னை வதைப்போர்க்கும் பொறுத்தருள வேண்டும் ஒருவனை அங்கே காண்கின்றோம். அக்குறை அவ்வளவில் ஈடுசெய்யப்படுகின்றது. ஆயினும் அவன் சுமையை நீக்கிய மனிதன் மற்றொருவன் சுமையைத் தாங்கும் காட்சிக்கு யாம் இரக்கத்தின் ஊசியையும் நூலையுமே தேடிச் செல்ல வேண்டியுள்ளது. அவை தமிழ்ச் செய்யுளில் இன்னும் ஏறவில்லை.